நீலவேணியின் தோளும் உப்பில்லாத கஞ்சியும்

நீலவேணியின் வலது தோளில் ஒன்பது வருடங்களாகக் குடியிருந்த நோவு, 2022ஆம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு கிண்ணம் கத்தரி விதைக்குள் இறங்கிப் போய்விட்டது. அன்று தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதத்தில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டூட்டிங் கடைகளில் கத்தரிக்காய் வழமையைவிடச் சற்று விலை கூட. வேறு விசேஷம் எதுவும் அன்றைக்கு நடக்கவில்லை.

லேசுப்பட்ட நோவு இல்லை அது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கும் ஒரு சலவை ஆலையில் நீலவேணிக்கு வேலை. யந்திரம் முறுக்கித் துப்புகிற ஈர விரிப்புகளை இழுத்து, உதறி, தலைக்கு மேலே ஓடும் கம்பியில் கொளுவிவிட வேண்டும். ஈரவிரிப்பு ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் பாரம் இருக்கும். நோவு முதலில் குளிர்கால விடியல்களில் மட்டும் விருந்தாளியாக வந்து போனது. பிறகு பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டது. கடைசியில் கை தோள் மட்டத்துக்கு வந்ததும், பூட்டிய படலையில் முட்டினது போல நின்றுவிடும். தலை சீவுவதற்கு இடக்கையால் வலக்கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரவு பஸ் ஓட்டுகிற புருஷன் லெட்சுமணன், வீடு திரும்பியதும் அவளுக்குக் கொண்டை போட்டுவிட்டுத்தான் படுப்பார். பஸ் ஓட்டுகிறவர் போடுகிற கொண்டை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்கிடையில் ஆலையின் மேற்பார்வையாளர், லிஃப்ட் பழுது என்று சொல்கிற அதே குரலில், ஆனி மாதம் ஆட்களைப் பரிசோதிக்கப் போகிறார்கள், மேல்கம்பியில் துணையில்லாமல் விரிப்புக் கொளுவ ஏலாதவர்களுக்கு இனி ஷிப்ட் இல்லை என்று அறிவித்தார். நீலவேணி, யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டத் தொடங்கியபோது பள்ளிக்கூடத்துச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அன்று தொட்டு அவள் உழைக்காத நாள் என்று சொல்வதற்கு, பிள்ளை பெற்ற நாட்களும் பிளேன் ஏறிய நாளும்தான் உண்டு. வேலை இல்லாத கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

கத்தரி விதை அவளிடம் வந்தது பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரத்தால். கும்பகோணத்துக்காரர், நீலவேணியைவிட ஏழெட்டு வயது இளையவர். நகரத்தின் நடுவில் உள்ள ஒரு வங்கிக்கு என்னென்ன ஆபத்து வரக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லுவது அவர் வேலை. கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டு ஒன்றுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். கிடைத்த அன்றே மண்வெட்டிப் பிடியை முறித்துக்கொண்டார். லண்டன் களிமண் அப்படி. கோடையில் கல், மாரியில் பசை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நீலவேணிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, மண்ணோடை சண்டை பிடியாதேங்கோ, அது வெல்லும்," என்று சொல்லி உள்ளே வந்தவள், இடக்கையாலும் காலாலும் முழுத் துண்டையும் கொத்திப் புரட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதற்காகப் பாதித் துண்டில் அவள் பயிர் செய்துகொள்ளலாம் என்று கல்யாணசுந்தரம் சொல்ல, அவள் ஓம் என்றாள். அப்படித்தான் இரண்டு வீட்டுக்கும் ஒரு தோட்டம் ஆனது.

அவர் படித்துவிட்டு வந்து சொன்னதுதான் உயிர் உரம். கறுத்த தேயிலைத் தூள்போல ஒரு பொடி; அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் உறங்குகின்றன. ஆறின சோற்றுக் கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையை அதில் பிரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். கஞ்சி ஒட்டும்; கிருமி விதையோடு மண்ணுக்குள் போகும்; முளைவிடுகிற வேரில் குடியேறும். நீலவேணி யூரியாவோடு வளர்ந்தவள். கடையில் யூரியா ஒரு பை வாங்கி ஏற்கெனவே தோட்டத்துக் கொட்டிலில் வைத்திருந்தாள்.

"யூரியா வேண்டாம் அக்கா. இந்தக் கிருமிங்க காத்துல இருந்தே சத்தை எடுத்து வேருக்குக் கொடுக்கும். நாம யூரியாவைப் போட்டா, எடுக்கிறதை நிறுத்திடும்."

"ஏன் நிப்பாட்டுது?"

"உக்காந்த இடத்துல சாப்பாடு வந்தா எதுக்கு உழைக்கணும்?"

"அப்ப எங்கடை சூப்பர்வைசரின்ரை சொந்தக்காரர்தான் எண்டு சொல்லுங்கோ."

முதல் வருடம் ஒன்றும் முளைக்கவில்லை. குழித்தட்டுகளில் கறுத்த மண் அப்படியே கிடந்தது. கல்யாணசுந்தரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்: விதை, குளிர், குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின். கடைசியில், பொடி குழைத்த கிண்ணத்தின் ஓரத்தில் காய்ந்திருந்த கஞ்சியை விரலால் சுரண்டி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, கஞ்சியில உப்பு போட்டீங்களா?"

"உப்பில்லாமல் கஞ்சியை ஆர் குடிப்பினம்?"

"குடிக்கிறது நாம இல்லையே. விதை."

"அதுக்கும் வாய் எண்டு ஒண்டு இருக்குத்தானே."

ஒரு பிடி இல்லை, இரண்டு பிடி உப்பு போட்டிருந்தாள். கிருமிகள் அவ்வளவு பேர் என்று அவர் சொல்லியிருந்ததால். வேறு நாட்டவர் எவரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் பசை. இவளுக்கு அது ஒருவருக்குக் கொடுக்கிற சாப்பாடு.

இரண்டாம் வருடம், மேலே சொன்ன அந்த மாசி ஞாயிறன்று, உப்பில்லாமல் கஞ்சி வைத்தாள். பீப்பாவில் பிடித்த மழைத் தண்ணீரில் காய்ச்சினாள். கை பொறுக்கிற சூட்டுக்கும் கீழே ஆறவிட்டாள். நாக்கில் வைத்துப் பார்த்தபோது வெறும் சப்பு. உப்பும் இல்லை, யூரியாவும் இல்லை, இதுகளை இப்படிப் பட்டினி போடுகிறோமே என்று மனம் கேட்கவில்லை. செய்யக்கூடியது நல்லாகக் குழைத்துக் கொடுப்பது ஒன்றுதான் என்று, கரண்டியை வைத்துவிட்டு வலக்கையைக் கிண்ணத்துக்குள் விட்டாள். குழைக்கக் குழைக்க, தோளில் இருந்த நோவு வரிசைவிட்ட எறும்புபோல முழங்கைக்கு இறங்கியது. அங்கிருந்து மணிக்கட்டு, பிறகு விரல் நுனி, அதற்குப் பிறகு இல்லை. கையைக் கழுவிவிட்டு, மேல்தட்டில் இருந்த தேயிலை டின்னை எட்டி எடுத்து, தேத்தண்ணி ஊற்றி, பாதி குடித்த பிறகுதான் மேல்தட்டை எட்டியது எந்தக் கை என்பது அவளுக்கு உறைத்தது.

கல்யாணசுந்தரம் கிண்ணத்தையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பசியோடு விட்டால் கிருமி கிடைத்ததைத்தான் தின்னும் என்றார். காற்றில் இருந்து நைட்ரஜனை எடுக்கத் தெரிந்ததுக்கு ஒரு தோளில் இருந்து வலியை எடுப்பது என்ன பெரிய காரியமா என்றும் கேட்டார். நீலவேணிக்கும் அது நியாயமாகவே பட்டது. விதைகளைப் பழைய பேப்பரில் பரப்பி, நிழலில் உலர்த்தி, குழிக்கு ஒன்றாகப் போட்டு, தட்டுகளைச் சுடுதண்ணீர் பொய்லர் இருக்கிற அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். ஏற்றியது வலக்கை.

முளைத்த நாற்றுகளைப் போன்ற நாற்றுகளை ஸ்ட்ரெதம் அதற்கு முன் கண்டதில்லை. தண்டு பென்சில் தடிப்பு. இலை இருண்ட பச்சை. தட்டைத் தூக்கிப் பார்த்தால் அடித்துளைகளில் வெள்ளை வேர் பஞ்சுபோலப் பொங்கி நின்றது. அழுகல் இல்லை, பூச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளர்ந்து விழுகிற சோகையும் இல்லை. ஒரேயொரு குறை, எல்லா நாற்றிலும் வலப்பக்கத்து இலை ஒரு மட்டத்துக்கு மேல் எழும்பவில்லை. போதாததற்கு, விடியப்புறத்தில் அவை நோயாளிகள்போல மெல்ல அனுங்கின. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்த லெட்சுமணன் அறை வாசலில் நின்று காது கொடுத்தார்.

"நீலவேணி, நீ இங்கை குசினியிலை நிக்கிறாய். அங்கை அறையிலை ஆர் அனுங்கினம்?"

"கத்தரி."

"ஆ, சரி," என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். கொண்டை போட்டுவிடுகிற வேலை போனதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

வைகாசி கடைசியில் குளிர் விட்டதும் நாற்றுக்கு ஆட்கள் வந்தார்கள். டூட்டிங்கில் இருந்து, குரொய்டனில் இருந்து, இல்ஃபோர்டில் இருந்துகூட எலிசபெத் லைன் ரயில் பிடித்து, சூட்கேஸோடு வந்தார்கள். நீலவேணி கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். வேரை எப்படிப் பொடிக்கரைசலில் நனைத்து நட வேண்டும், ஏன் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக்கூடாது, ஏன் யூரியா ஒரு கிள்ளுக்கூட ஆகாது என்பதையெல்லாம் கல்யாணசுந்தரம் பக்கத்தில் நின்று சொன்னார். அவர் சொன்னதில் பாதியை அவர்கள் கேட்டார்கள். அதற்கே செடிகள் போட்டி போட்டு வளர்ந்தன.

இல்ஃபோர்டில் இன்சூரன்ஸ் கந்தோர் ஒன்றில் இருக்கிற றூபன் நட்ட மறுநாளே போன் எடுத்தான்.

"அக்கா, ஒண்டு கேட்டால் குறை நினைக்க மாட்டியளே. உங்கடை கத்தரியை நட்டதிலை இருந்து வலப்பக்கத் தோளிலை ஒரு குத்து. தேத்தண்ணிக் கேத்தில் தூக்கேக்கை மட்டும்."

"வேறை ஒண்டும் தூக்குறேல்லையோ?"

"நான் கேத்திலை விடப் பாரமா வேறை என்னத்தை அக்கா தூக்குறன்?"

நீலவேணி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. நோவு எங்கேயும் போகவில்லை. விதைக்கு விதை பிரிந்து, தட்டில் இருந்தவரைக்கும் ஆருடையதும் இல்லாமல் இருந்து, நட்ட கைக்குச் சொந்தமாகியிருக்கிறது. அன்று பின்னேரமே எல்லாருக்கும் போன் அடித்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். கன்றைக் கொண்டு வந்து தாருங்கோ, என்ரை நோவை நான் எடுக்கிறன் என்றாள். ஒருவரும் அசையவில்லை. நட்ட கன்றைத் திரும்பப் பிடுங்குவதாவது என்றார்கள். கழுத்து, முழங்கால், முதுகு என்று ஏற்கெனவே இருக்கிற கூட்டத்தில் இது எந்த மூலைக்கு என்றார்கள். டூட்டிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நிர்மலன் மாத்திரம், பின்வளவில் ஆறு கன்று நட்டிருந்தவன், தோசைக்கல்லுக்கு முன்னால் கொஞ்சம் சிரமம்தான் என்று ஒத்துக்கொண்டான். ஆனால் அவனும் கொடுக்க மாட்டேன் என்றான்.

அடுத்த கிழமை, றூபனின் மாமியார் புல்லுப் பிடுங்குகிறேன் என்று தோட்டத்தில் இறங்கி, அவன் நட்ட கத்தரிகளில் ஒன்றையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்தார். அதே கணத்தில், ஸ்ட்ரெதத்தின் அந்தப் பக்கம் சலவை ஆலையில் விரிப்புத் தூக்கிக்கொண்டு நின்ற நீலவேணியின் தோளில் சுள்ளென்று ஒரு சின்ன நோவு வந்து ஏறிக்கொண்டது. பழைய நோவுதான், அவளுக்கு அதன் நடை தெரியும். உயிரோடு பிடுங்கினால் அது வந்த வீட்டுக்குத் திரும்பும். இவ்வளவும் ஆனியில் பரிசோதனைக்கு முந்திய கிழமைக்குள் தெரிந்துபோயிற்று.

ஒரு நாற்று மட்டும் மிச்சம் இருந்தது. கிண்ணத்தின் அடியில் தங்கிய விதை. குழைக்கும்போது நோவின் அடிமண்டியெல்லாம் அதில்தான் போய் இறங்கியிருக்க வேண்டும். சின்னக் கன்றுதான், ஆனால் சட்டியைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் பிரிந்து போன பங்கு, இதுதான் மூலதனம். நீலவேணி அதை ஆருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு அது மலடு என்று பொய் சொன்னாள். வேர் சட்டிக்குள் சுற்றிச் சுற்றி முறுகத் தொடங்கியிருந்தது, அடி இலைகள் பழுத்துவிட்டன. அந்தக் கிழமைக்குள் நடாவிட்டால் கருகிவிடும். நட்டால் பரிசோதனை அன்று கை தோளுக்கு மேலே எழும்பாது. கன்றைக் காயவிடுகிற பழக்கம் அவளுடைய பரம்பரையில் கிடையாது. சனிக்கிழமை காலை குழியைத் தோண்டிவிட்டு, சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாளியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்தாள்.

கல்யாணசுந்தரம் வந்தார். குழியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நான் நடறேன் அக்கா."

"விசர்க்கதை கதையாதேங்கோ தம்பி. இது றூபன்ரை கேத்தில் நோவு இல்லை."

"தெரியும். கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கேன். என் வேலைக்குக் கை மேசை வரைக்கும் எழும்பினாப் போதும். மவுஸை யாரும் தலைக்கு மேல தூக்கறதில்ல."

"பாங்குக்கு ஆபத்தைச் சொல்லுற ஆள், உங்கடை ஆபத்து உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"வேலை போனா நீங்க என்ன செய்வீங்க?"

 பாலில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கன்றைப் பார்த்தாள்.

"சும்மா வாங்கமாட்டன்," என்றாள் கடைசியில். "கடனாத்தான். பென்சன் எடுக்கிற அண்டைக்கு இதை என்ரை கையாலை பிடுங்கி நோவைத் திருப்பி எடுப்பன். அதுவரைக்கும் வைச்சிருங்கோ."

"ஆமா, அப்படியே வச்சுக்குவோம்."

அவர் வேர்க்கட்டியைக் கரைசலில் நனைத்து எடுத்து, பிசகாமல் குழியில் நிறுத்தி, மண் அணைத்தார். எழுந்து நின்று வலக்கையைத் தூக்கினார். தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. புதுச் சட்டை போட்டுப் பார்க்கிறவர்போல முன்னாலும் பின்னாலும் அசைத்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு," என்றார். முகம் மட்டும் வெளிறியிருந்தது.

புதன்கிழமை பரிசோதனையில் நீலவேணி ஈர விரிப்பை உதறி மேல்கம்பியில் கொளுவிவிட்டு, இன்னொன்று தாருங்கோ என்று கேட்டாள். அதையும் கொளுவினாள். மூன்றாவதையும் கேட்டபோது, போதும் போதும் என்று மேற்பார்வையாளர் அவளை அனுப்பிவைத்தார். ஷிப்ட் நிலைத்தது. கல்யாணசுந்தரத்தின் வீட்டில் கதை வேறு. "பரண்ல இருந்து ஒரு டப்பா எடுத்துத் தாங்கன்னு இருபது வருஷமா கேக்கறேன், எடுத்ததே கிடையாது. இப்ப அதுக்கு டாக்டர் சர்டிபிகேட்டும் கிடைச்சாச்சு," என்று அவர் மனைவி ராஜி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஆனாலும் அன்று முதல் அவருக்குச் சட்டையின் வலக்கையை மாட்டிவிடுவது ராஜிதான்.

ஐப்பசி கழிந்து முதல் உறைபனி விழுந்தபோது, லண்டன் முழுவதும் இருந்த அந்தக் கத்தரிகள் ஒரே இரவில் கறுத்துச் சாய்ந்தன. காலையில் ஒவ்வொரு வீட்டிலும் கேத்தில் லேசாக எழும்பியது. பிடுங்கினால் திரும்புகிற நோவு, செடி தானாகப் பட்டுப்போனால் அதோடு சேர்ந்து மண்ணுக்குள் மக்கிவிடுகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. றூபன் போன் எடுத்து, "அக்கா, நோவு விட்டுப் போட்டுது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வெறிச்செண்டு கிடக்கு," என்றான். பிறகு வந்தது வழமையாகிவிட்டது. மாசி பிறந்தால் ஸ்ட்ரெதத்துக்கு ஆட்கள் தங்கள் தங்கள் நோவோடு வருவார்கள். ஆளுக்கொரு கிண்ணம், உப்பில்லாத கஞ்சி, கரண்டி கூடாது. முழங்காலுக்குத் தக்காளி நல்லாகக் கேட்கிறது, முதுகுக்கு மிளகாய். வைகாசியில் நாற்றுகளைக் கலந்து, ஒருவர் நோவை ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போய் நடுவார்கள். காய்த்து முடிய, உறைபனி வந்து கணக்கை முடித்து வைக்கும். தோட்டச் சங்கத்தின் வெள்ளைக்காரத் தலைவர் இரண்டு வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் வருடம் தன் இடுப்பெலும்பு நோவைக் கொண்டுவந்தார். அவருடையது பூசணிக்காய் ஆனது. 2025இல் மழையே இல்லாத வசந்தத்தில் பீப்பாக்கள் வற்றியபோதும், வாளிகளில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவைத்து ஆறப்போட்டு ஊற்றி, ஒரு தட்டுக்கூட வீணாக்காமல் கரையேற்றினார்கள்.

கல்யாணசுந்தரத்தின் செடி மட்டும் பட்டுப்போகவில்லை. 2022 மார்கழிப் பனியில் எல்லாம் புதைந்து கிடக்க, அது இலைகளை உதறிக்கொண்டு நின்றது. நரிகள் அதன்கீழ் படுத்துச் சூடு காய்ந்தன. அடுத்த மாரியும் அப்படியே, அதற்கடுத்த மாரியும் அப்படியே. இப்போது தண்டு மணிக்கட்டுத் தடிப்பு, உயரம் கொட்டில் கூரையைத் தாண்டிவிட்டது. தை மாதத்தில் காய்க்கிறது. அந்தக் காய்க்கு இணையான காய் டூட்டிங்கில் இல்லை. வேர் அவ்வளவு திடமாக ஓடிவிட்டது, நாம நல்லா வளர்த்துட்டோம் அக்கா, அதான் சாகமாட்டேங்குது என்று அவர் சிரிப்பார். பஸ்ஸுக்கு இடக்கை காட்டுகிறார். கோயிலில் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பும்போது அவருடையது ஒற்றைக் கையாக நிற்கிறது. ஒவ்வொரு உறைபனிக்கும் முதல்நாள் நீலவேணி போர்வையோடு ஓடிப்போய், போர்த்தாமல் திரும்பி வருவாள். பட்டுப்போகட்டும் என்றுதான் வேண்டிக்கொள்வாள். விடிந்ததும் அது நிற்பதைக் கண்டால், ஏனோ மழைத் தண்ணீர் ஒரு வாளி கொண்டுபோய் ஊற்றுவாள்.

அவளுடைய கை மேல்கம்பிக்கு இன்றும் எழும்புகிறது. பென்சனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அரசாங்கம் அந்த வயதைத் தள்ளித் தள்ளி வைக்கிறது. தோட்டத்தில் ஆருக்கும் ஆரோடும் பாக்கி இல்லை, ஒன்றைத் தவிர. நீலவேணி கல்யாணசுந்தரத்துக்கு ஒரு வலது தோள் கடன்.